மஞ்சள் வில்லை போட்ட ஆடுகள்

ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவரை எழுதச் சொல்வதில் ஒரு ஆபத்து இருக்கிறது. தான் பார்த்த கஷ்டப் பிரசவங்களைப் பற்றி ஆரம்பித்தால் நிறுத்தமாட்டார். உங்கள் அதிர்ஷ்டம், இந்த முறை அலுவலகத்தில் தலைப்பையும் சேர்த்தே கொடுத்துவிட்டார்கள். மந்தை மேம்பாட்டுத் திட்டத்தில் பெண்களின் பங்கேற்பு, அதில் என்னுடைய வெற்றி அனுபவங்கள். புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு அது உதவியாக இருக்குமாம்.

வெற்றி அனுபவத்துக்கு நான் எங்கே போவேன்? ஒரு பட்டி ஆடு என்னை இடித்துத் தள்ளி, உழுத காட்டில் மல்லாந்து விழுந்த அனுபவம் வேண்டுமானால் இருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன். சிரிப்பவர்கள் சிரிக்கலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் இப்போது யாருக்கு என்ன நஷ்டம்?

முதலில் நான் எப்படி இந்த விஷயத்தில் நிபுணர் ஆனேன் என்று சொல்லிவிடுகிறேன். கோயம்புத்தூரில் ஒரு கூட்டம். நீள மேசையைச் சுற்றி ஆண்கள், ஓரத்தில் நான். திட்டத்துக்கு நிதி தருகிறவர்கள், பாலினச் சமத்துவத்தைக் கவனிக்கத் தனியாக ஒருவர் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எங்கள் திட்டத் தலைவர் மேசையை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை என்னிடம் வந்து நின்றது. "அதான் நம்ம மேடம் இருக்காங்களே" என்றார். தேர்வு முடிந்தது. கூட்டத்துக்கு டீ சொல்வதற்கும் அவர் என்னை இதே முறையில்தான் தேர்ந்தெடுப்பார். ஆனால் எனக்கு அன்றைக்கு அது தலைக்கு ஏறிவிட்டது. பெண்ணாய்ப் பிறந்தவளுக்குப் பெண்களைப் பற்றித் தெரியாமல் யாருக்குத் தெரியும் என்ற நினைப்பு. நான் ஓட்டிக்கொண்டிருந்த ஸ்கூட்டியின் நிறத்தைக்கூட என் வீட்டுக்காரர்தான் முடிவு செய்தார் என்பது அப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

எங்கள் வேலை காங்கயத்துக்குத் தெற்கே, தாராபுரம் போகிற வழியில் இருந்த மந்தைக்காரக் குடும்பங்களோடு. அறுவடை முடிந்த காடுகளில் மாறி மாறிப் பட்டி போட்டுப் பிழைப்பவர்கள். மூங்கில் சிம்பும் முள்ளும் வைத்துப் பின்னிய தட்டிகளைப் படல் என்பார்கள். அந்தப் படல்களை நான்கு பக்கமும் நட்டு ஆடுகளை அடைத்தால் அது பட்டி. எரு காட்டுக்காரருக்கு, கூலி ஆட்டுக்காரருக்கு. மறுநாள் படலைப் பிடுங்கி அடுத்த பக்கம் நடுவார்கள்.

இந்தக் குடும்பங்களில் ஒரு வழக்கம் இருந்தது. பட்டிக்குள் பெண்கள் கால் வைக்கமாட்டார்கள். ஏன் என்று கேட்டால் "பட்டிக்குச் சாமி இருக்குதுங்க" என்பார்கள். அதற்கு மேல் பேச்சு நகராது. பெண்களுக்குக் குட்டிகள் மட்டும்தான். தாய் ஆடுகள் மேயப் போனதும் குட்டிகளை வீட்டு வாசலில் பெரிய மூங்கில் கூடை போட்டுக் கவிழ்த்திருப்பார்கள். அவற்றுக்குத் தழை ஒடித்துப் போடுவதும், தாய் செத்த குட்டிக்குப் புட்டியில் பால் கொடுப்பதும், கழிச்சல் வந்தால் மடியில் கிடத்தி மருந்து ஊற்றுவதும் பெண்களின் பாடு. குட்டி வளர்ந்து பட்டிக்குப் போய்விட்டால் அதற்கப்புறம் அது ஆண்களின் ஆடு.

என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். படலை ஒதுக்கி "வாங்க டாக்டரம்மா" என்று வழி விடுவார்கள். ஒரு பெண்ணாக நான் உடைத்த தடை என்று இதை மேடையேறிச் சொல்லியிருக்கிறேன். கைதட்டும் வாங்கியிருக்கிறேன். எனக்குப் பின்னால் இன்னொரு பெண் அந்தப் படலைத் தாண்டியிருக்கிறாளா என்று கேட்க அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

பயிற்சி வகுப்பு ஒன்று நடத்தினேன். வீட்டில் யார் எந்த முடிவை எடுக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க ஒரு பெரிய அட்டை. ஆடு விற்பது, மருந்து வாங்குவது, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவது என்று வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றுக்கும் நேரே ஆண் பொம்மையையோ பெண் பொம்மையையோ ஒட்ட வேண்டும். பெண்கள் பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார்கள். கடைசியில் ஒருத்தி பணிவாகக் கேட்டாள், "ஏனுங்க டாக்டரம்மா, எங்க ஒட்டுனா உங்களுக்குத் தோதுங்க?"

நம் ஊர் மரியாதையில் ஒரு சிக்கல் உண்டு. மூஞ்சிக்கு நேராக யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். "சரிங்க" என்பார்கள், "ஆகட்டுங்க" என்பார்கள், "அப்படியே வெச்சுக்கலாமுங்க" என்பார்கள். நானும் இதே மண்ணில் பிறந்து, இதே மரியாதையைப் பேசி வளர்ந்தவள். வேண்டாத சம்பந்தத்தைக்கூட "கலந்துக்கிட்டுச் சொல்றோமுங்க" என்று அனுப்பிவைக்கிற வீட்டுப் பெண். இருந்தும் அவர்கள் சொன்ன எல்லா "சரிங்க"வையும் சம்மதம் என்று எழுதிக்கொண்டு வந்தேன். படித்த முட்டாள் என்று எங்கள் வீட்டில் என்னைச் சொல்வது சும்மா இல்லை.

அடுத்தது என் தலைசிறந்த யோசனை. திட்டத்தில் பெட்டைக் குட்டிகளைப் பெண்களின் பெயரிலேயே கொடுப்பதாக முடிவாகியிருந்தது. பெயரில் கொடுத்தால் போதுமா, பட்டியில் போய்க் கலந்துவிட்டால் யார் ஆடு எது என்று எப்படித் தெரியும் என்று நான் கேட்டேன். நல்ல கேள்விதான். அதற்கு நானே ஒரு பதிலும் சொன்னேன். பெண்களின் ஆடுகளுக்கு மட்டும் காதில் பளிச்சென்று மஞ்சள் வில்லை போட்டுவிடலாம். அரை மைல் தூரத்திலிருந்து பார்த்தாலும் இது பெண்ணின் சொத்து என்று தெரிய வேண்டும். கூட்டத்தில் எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. வில்லை போட்ட ஆட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் நிற்கிற படம் அலுவலகச் சுவரில் ரொம்ப நாள் தொங்கியது. படத்தில் ஆட்டின் முகத்தைப் பார்த்தால் அதற்கு அந்த யோசனையில் அவ்வளவு நம்பிக்கை இருந்ததாகத் தெரியாது.

இப்போது தெய்வானையைச் சொல்ல வேண்டும். முப்பது வயதைத் தாண்டியவள். கணவர் லாரி மோதிப் போய்ச் சேர்ந்துவிட்டார். பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் குழந்தையோடு, கணவரின் அண்ணன் சின்னச்சாமி இருந்த அதே வளவில் தனி வீட்டில் குடியிருந்தாள். திட்டம் கொடுத்த குட்டிகளை வாசலில் வைத்து வளர்த்துச் சின்னச்சாமியின் பட்டியில் சேர்த்திருந்தாள். அவை ஈன்று பெருகியும் இருந்தன. அந்த ஆடுகள் இருக்கும்வரை அவள் அந்த வளவில் ஒரு பங்குக்காரி. அவை போய்விட்டால், விடிகாலையில் ஊருக்குள் வருகிற பனியன் கம்பெனி வேனில் ஏற வேண்டியதுதான். குழந்தையை யார் பார்ப்பது என்பது அதற்கடுத்த கேள்வி. இதை அவளே என்னிடம் சொல்லியிருக்கிறாள், புலம்பலாக இல்லை, வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரி.

ஒரு நாள் காலையில் அவளிடமிருந்து போன்.

"டாக்டரம்மா, தெய்வானை பேசறனுங்க. சோலியா இருக்கறீங்களா?"

இல்லை, சொல்லு என்றேன்.

"பக்கத்துப் பட்டியில ஆட்டுக்கொல்லி நோய் வந்துருச்சுங்க. இங்க இன்னும் வர்லீங்க. எங்க மச்சாண்டாரு யாவாரியக் கூட்டியாந்து போட்டாங்க. மஞ்ச வில்லையாப் பாத்துப் பாத்துப் புடிச்சுக் கட்டறாங்க. நான் படலுக்கு வெளிய நின்னுட்டிருக்கறனுங்க. நீங்கன்னா உள்ளார போவீங்கல்லங்க?"

போனை வைத்துவிட்டு ஸ்கூட்டி சாவியைத் தேடினேன். மஞ்சள் வில்லையாகப் பார்த்துப் பார்த்து. அவள் மச்சாண்டார் சின்னச்சாமிக்குத் தன் ஆடுகள் பரம்பரையாக வந்தவை, ஒவ்வொன்றுக்கும் தாய் யார், பாட்டி யார் என்று தெரியும். விற்க மனசு வராது. மஞ்சள் வில்லை ஆடுகள் சும்மா வந்தவை. அவசரத்துக்கு எதை விற்பது என்று யோசிக்கவே வேண்டியதில்லை. நான்தான் அரை மைல் தூரத்துக்குத் தெரிகிற மாதிரி அடையாளம் போட்டுக் கொடுத்திருக்கிறேனே.

என் உதவியாளர் அன்று தங்கச்சி கல்யாணத்துக்குப் போயிருந்தார். தடுப்பூசி மருந்தை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு, அதைக் கால்களுக்கு நடுவில் வைத்து ஸ்கூட்டியில் கிளம்பினேன். வழியெல்லாம் வசனம் தயார் செய்துகொண்டே போனேன். சட்டம், உரிமை, திட்ட விதிமுறை. நல்ல வசனம். ஒரு லாரிக்காரர் என் உதடு அசைவதைப் பார்த்துவிட்டு, தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து வழிவிட்டார்.

பட்டி ஒரு உழுத காட்டில் இருந்தது. வேலியோரம் குட்டியானை வண்டி பின்கதவைத் திறந்தபடி நின்றது. வியாபாரி அதன் நிழலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். பட்டிக்குள் சின்னச்சாமி ஆடு பிடித்துக்கொண்டிருந்தார். நாலைந்து ஆடுகள் கால் கட்டிக் கிடந்தன. எல்லாவற்றின் காதிலும் என் மஞ்சள் வில்லை. படலுக்கு வெளியே, கைக்கெட்டும் தூரத்தில், தெய்வானை நின்றிருந்தாள்.

"வாங்க டாக்டரம்மா. வெயில்ல வந்திருக்கறீங்க, மோரு கொண்டுவரச் சொல்லட்டுங்களா?" என்றார் சின்னச்சாமி.

நான் வசனத்தை எடுத்துவிட்டேன். அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, முழுவதையும் கேட்டார்.

"ஆடு அதும் பேருலதானுங்க. ஆரு இல்லீங்கறாங்க? நோய் வந்துட்டா அத்தனையும் மண்ணுக்குத்தானுங்க போகும். உசுரோட இருக்கறப்ப வித்துப்போட்டா அதுக்கும் நாலு காசு. அத அதும் கையிலயே குடுத்துப்போடறனுங்க."

"அவளைக் கேட்டீங்களா?"

"இங்கதானுங்க நின்னுட்டிருக்குது. ஒண்ணுஞ் சொல்லலீங்களே."

இதில் அவர் பொய் சொல்லவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். கணவரின் அண்ணனோடு பெண்கள் நேருக்கு நேர் பேசுவதில்லை அங்கே. அவள் என்ன சொல்ல முடியும்? அவர் கொடூரமானவரும் இல்லை. தம்பி பெண்டாட்டியையும் குழந்தையையும் அவர் பட்டினி போட்டதில்லை. கெட்டவராக இருந்திருந்தால் என் வேலை சுலபமாக முடிந்திருக்கும். கெட்டவர்களோடு சண்டை போடத்தான் நமக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள்.

நோய் வந்த பக்கத்திலிருந்து ஒரு ஆடும் வெளியே போகக் கூடாது, டாக்டராகச் சொல்கிறேன் என்றேன். "சரிங்க" என்றார் சின்னச்சாமி. "சரிங்க" என்றார் வியாபாரி. சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பி, புளியமரத்து நிழலில் இன்னும் வசதியாக நிறுத்திவிட்டு, மறுபடி போன் பார்க்க ஆரம்பித்தார். நான் ஊருக்குப் போகும்வரை காத்திருக்க அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. இத்தனை வருஷம் எழுதிக்கொண்ட "சரிங்க"வுக்கெல்லாம் என்ன அர்த்தம் என்று அந்த வண்டியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது.

அங்கேதான் எனக்குப் புத்தி கெட்டது. தெய்வானையை உள்ளே விட்டால்தான் நானும் உள்ளே வருவேன், அதுவரை ஒரு ஆட்டுக்கும் ஊசி கிடையாது என்று அறிவித்துவிட்டேன். அறிவித்துவிட்டு ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். பெண்களின் வரலாற்றில் இது ஒரு முக்கியமான உட்காரல் என்று அப்போது நினைத்தேன்.

"அவளும் பொம்பளை, நானும் பொம்பளை, என்னை மட்டும் எப்படி விட்டீங்க?" என்று நான் கேட்டதுதான் சின்னச்சாமியை நிஜமாகக் குழப்பியது. "உங்களப் போயி நாங்க அப்படி நெனப்பமுங்களா?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். நான் உடைத்ததாக மேடைகளில் சொன்ன தடை, முழுசாக அப்படியே இருந்தது.

மோர் வந்தது. குடித்தேன். பட்டிக்குள் ஒரு ஆடு செருமியது. தூசியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். இன்னொன்று செருமியது. நோய் வருவதற்கு முன்னால் போட்டால்தான் ஊசி. வந்தபின் நான் என்ன செய்ய முடியும்? ஒரு டாக்டர், கையில் மருந்தை வைத்துக்கொண்டு, கொள்கைக்காக அதன்மேல் உட்கார்ந்திருக்கிறாள். ஐஸ் வேறு உருகிக்கொண்டிருக்கிறது. என் சத்தியாகிரகம் ஒரு டம்ளர் மோர் குடிக்கிற நேரம்கூட முழுசாக நிற்கவில்லை. எழுந்தேன். சரி, எல்லாவற்றுக்கும் போடுகிறேன், மஞ்சள் வில்லைக்கு மட்டும் அவள் வந்து பிடித்தால்தான் போடுவேன் என்று பாதி இறங்கிவந்தேன்.

அப்போதுதான் தெய்வானை வாயைத் திறந்தாள். என்னிடம்தான்.

"டாக்டரம்மா, என்ற ஆட்ட வெச்சு நீங்க ரெண்டு பேரும் பந்தயங் கட்டாதீங்க."

குரல் உயரவில்லை. எனக்குத்தான் காது சூடாயிற்று. காலையிலிருந்து அவளைக் கேட்காமல் அவள் ஆட்டைப் பற்றி முடிவெடுத்தவர்கள் அந்தக் காட்டில் இரண்டு பேர். ஒருவர் சின்னச்சாமி. இன்னொருவர் பாலினச் சமத்துவ நிபுணர்.

"சரி, உனக்கு என்ன செய்யணும், சொல்லு" என்றேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி, அவ்வளவு தாமதமாக என் வாயில் வந்தது.

"அந்தக் கட்டின ஆட்டுக்குக் கவுத்த அவுத்து உடுங்க. இந்தப் படல ஒண்ண மட்டும் சாச்சுப் புடிங்க. நான் உள்ள வரலீங்க. அதுகளக் கூப்புட்டுக்கறேன்."

நான் உள்ளே போய்க் கயிறுகளை அவிழ்த்தேன். சின்னச்சாமி தடுக்கவில்லை. டாக்டரம்மாவைக் கையைப் பிடித்து நிறுத்தும் மரியாதைக் குறைவு அவருக்கு வராது என்பதை முதல்தடவையாக எனக்குச் சாதகமாகப் பயன்படுத்திக்கொண்டேன். பிறகு படலைப் பிடுங்கிச் சாய்த்துப் பிடித்தேன். இப்போது திறப்புக்கு நடுவில் நிற்பவள் நான்.

தெய்வானை நாலடி பின்னால் போய் நின்றாள். நாக்கை மேலே ஒட்டி எடுக்கிற ஒரு சத்தம் போட்டாள். பிறகு, வாசலில் கூடையைத் தூக்கிக் குட்டிகளுக்குத் தழை போடும்போது கூப்பிடுகிற அதே குரலில், "இந்தா, இந்தா, கண்ணு" என்றாள்.

மஞ்சள் வில்லை ஆடுகள் தலையைத் தூக்கின. அது நான் எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காதது அடுத்து நடந்தது. வில்லை இல்லாத ஆடுகளும் தூக்கின. சின்னச்சாமியின் பரம்பரை ஆடுகள், தாய் யார், பாட்டி யார் என்று அவருக்குத் தெரிந்த ஆடுகள், அத்தனையும் ஒரு காலத்தில் அவள் வாசலில் கூடைக்கடியில் இருந்தவைதான். அவள் அந்த வளவுக்கு வாழ வந்ததிலிருந்து அவள் கையில் தழை தின்னாமல் எந்தக் குட்டி பட்டிக்குப் போயிருக்கிறது? மொத்தப் பட்டியும் ஒரே நேரத்தில் அந்தத் திறப்பை நோக்கி ஓடி வந்தது.

திறப்பில் நான் நின்றேன் என்று சொன்னேன் அல்லவா.

படல் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், நான் உழவுச் சாலில் மல்லாந்து. ஆடுகள் என்மேல் ஏறியும் தாண்டியும் போயின. பட்டப்படிப்பு, களப்பயிற்சி, எதிலும் இதற்குப் பாடம் வைக்கவில்லை. எழுந்து பார்த்தால் பட்டி காலி. காட்டின் நடுவில் தெய்வானை நிற்கிறாள், அவளைச் சுற்றி அத்தனை ஆடும் முட்டி மோதிக்கொண்டு அவள் கையைத் தேடுகின்றன. அவள் கையில் ஒரு தழைகூட இல்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. தூசி என்று வியாபாரியிடம் சொன்னேன். அவர்தான் என் கண்ணாடியைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தார்.

சின்னச்சாமி காலிப் பட்டிக்குள் தனியாக நின்றார். அவரைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்த பேச்சுவார்த்தை இன்னொரு கூத்து. மூன்று பேரும் ஒரு கட்டில் நீளத்துக்குள் நிற்கிறோம். அவர்கள் இருவரும் நேரடியாகப் பேசமாட்டார்கள். எல்லாம் என் வழியாகத்தான்.

"டாக்டரம்மா, அவிககிட்டச் சொல்லுங்க. ஊசி போட அத்தனை ஆட்டையும் நானே இங்க வெளிய நின்னு புடிச்சுத் தாரேன். அவிக ஆட்டையும் சேத்தி. ஊசி முடிஞ்சதும் மஞ்ச வில்லை ஆடு என்ற வாசலுக்கு வந்துரட்டும்."

நான் திரும்பி, "அத்தனையும் அவளே பிடிச்சுத் தர்றாளாம், மஞ்சள் வில்லை ஆடு அவ வாசலுக்கு வரணுமாம்" என்றேன்.

"வாசல்ல அத்தன ஆட்டக் கட்டி எப்படிங்க மேய்க்கும்? கேளுங்க."

"நீ எப்படி மேய்ப்பேன்னு கேக்கறார்."

"அது என்ற பாடுன்னு சொல்லிப்போடுங்க."

"அது அவ பாடாம்."

சின்னச்சாமி ரொம்ப நேரம் ஆடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "படலு நாலு எச்சாக் கெடக்குது, வேணும்னா எடுத்துக்கச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டு வியாபாரியிடம் போய் ஏதோ பேசினார். குட்டியானை வெறும் வண்டியாகத் திரும்பியது.

அன்று பொழுது சாயும்வரை திறந்த காட்டில் ஊசி போட்டேன். ஒவ்வொரு ஆட்டையும் தெய்வானை பிடித்துக் கொடுத்தாள். நோய் பிறகு வந்தது. இரண்டு பக்கமும் சில ஆடுகள் போயின, மற்றவை பிழைத்தன. பட்டிக்குள் அவள் அன்றும் கால் வைக்கவில்லை, பிறகும் வைக்கவில்லை. சாமியோடு அவளுக்குத் தகராறு கிடையாது. சின்னச்சாமி கொடுத்த படல்களை வீட்டுக்குப் பின்னால் நட்டுக்கொண்டு, தன் ஆடுகளைத் தானே கொறங்காடு என்கிற வேலி கட்டிய மேய்ச்சல் நிலத்துக்கு ஓட்டிப் போனாள்.

உங்களில் யாராவது இத்தோடு கதை முடிந்தது என்று நினைத்தால் நீங்களும் என் ஜாதிதான். நானும் முடிந்ததாகத்தான் நினைத்தேன். எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் தெய்வானை கதைதான். சொல்லச் சொல்ல அதில் என் பங்கு பெரிதாகிக்கொண்டே போனது. நான் மல்லாந்து விழுந்த பகுதி மெல்லக் காணாமல் போயிற்று. படலைச் சாய்க்கும் யோசனைகூட ஒரு கட்டத்தில் என்னுடையதாகிவிட்டது. என் பேச்சைக் கேட்டவர்கள், ஆடுகளே என் குரலுக்குத்தான் ஓடி வந்தன என்று நினைத்திருந்தாலும் ஆச்சரியமில்லை.

அடுத்த வருஷம், நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சம் முன்னால், உதவியாளர் வந்து ஒரு சேதி சொன்னார். தெய்வானை ஆடுகளில் பாதியை விற்றுவிட்டாளாம். கண்ணபுரம் சந்தைக்குப் போன வண்டியில் மஞ்சள் வில்லையைப் பார்த்தாராம்.

எனக்கு வந்த ஆத்திரம் சொல்லி மாளாது. எத்தனை பாடு, எத்தனை சண்டை, இடுப்பு வலி இன்னும் போகவில்லை. அடுத்த வாரம் நிதி தருகிறவர்கள் வேறு அவளைப் பார்க்க வருகிறார்கள், நான்தான் அழைத்துப் போவதாக ஏற்பாடு. பாதி ஆடு எங்கே என்று கேட்டால் என்ன சொல்வேன்? அப்போதே போன் போட்டேன்.

"தெய்வானை, ஆட்டை வித்துட்டியாமே?"

"ஆமாங்க டாக்டரம்மா. பாதி வித்துப்போட்டனுங்க."

"யாரைக் கேட்டு வித்தே?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று என் காதில் விழுந்தது. அந்தப் பக்கம் ஆடு கத்துவது கேட்டது. பிறகு அவள் பேசினாள், அதே மரியாதை, அதே குரல்.

"ஏனுங்க டாக்டரம்மா, எங்க மச்சாண்டாரு என்னையக் கேக்காம விக்கக் கூடாதுன்னு அன்னைக்கு நீங்கதான சொன்னீங்க. இப்ப நான் உங்களையக் கேட்டுத்தான் விக்கோணுங்களா?"

இல்லை, அப்படி இல்லை, எதற்காக என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன் என்று உளறினேன்.

"எனக்குத் தேவைப்பட்டுதுங்க" என்றாள். பிறகு, நான் சங்கடப்படக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, "சாப்டீங்களா?" என்று கேட்டாள்.

சாப்பிட்டேன் என்றேன். அடுத்த வாரம் வந்தவர்களை அவள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். இருந்த ஆடுகளைக் காட்டினாள். மீதி எங்கே என்று அவர்கள் என்னைக் கேட்டார்கள். அது தெய்வானையுடைய ஆடு, அவர் விற்றுவிட்டார் என்றேன். எதற்காக விற்றார் என்று எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொன்னேன். இன்றுவரை தெரியாது.